யாழ்ப்பாணத்தை எப்படிச் சிந்திப்பது?

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்தது. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை; உணவுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு நிலவியது; நாளைக்கு உயிரோடு இருப்போமா என்ற நிச்சயம் எவருக்கும் இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் வீதம் முந்திய அமைதிக் காலத்தைவிடக் கீழே இறங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இராஜதுரையுடன் சேர்ந்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவுசெய்தது.

தனி ஆளின் மனவேதனையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் இது விளங்காது. வேதனை பெருகிய இடத்தில் தற்கொலையும் பெருகியிருக்க வேண்டுமே. எமில் டுர்கைம் 1897இல் வெளியிட்ட 'தற்கொலை' நூலைக் கையில் எடுக்கும்போதுதான் வழி தெரிகிறது. 1866, 1870 போர்களின்போது ஐரோப்பிய நாடுகளில் தற்கொலை குறைந்ததை அவர் புள்ளிவிவரங்களிலிருந்து எடுத்துக் காட்டினார். பொது ஆபத்து மனிதரை நெருங்கிவரச் செய்கிறது, தன்னைப் பற்றிய நினைப்பைக் குறைத்து எல்லாருக்கும் பொதுவான ஒன்றில் மனத்தைக் குவிக்கிறது, அந்தப் பிணைப்பே உயிரைப் பிடித்து வைக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். அயலட்டை முழுவதும் ஒரே பங்கருக்குள் ஒடுங்கிக் கிடந்த இரவுகளை அறிந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

எங்கள் மாணவர்கள் டுர்கைமை அறியாதவர்கள் அல்லர். தற்கொலை நான்கு வகை, அதிகாரம் மூன்று வகை, வர்க்கம் இரண்டு என்று ரியூட்டரிக் கொப்பிகளில் எழுதி, பாடமாக்கி, பரீட்சையில் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தற்கொலை ஏன் குறைந்தது என்று கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் உலகச் சமூகவியலின் சில பெரிய விவாதங்கள் இந்தக் குடாநாட்டை வைத்தே நடந்திருக்கின்றன. அந்த விவாதங்களில் யாழ்ப்பாணம் கோட்பாட்டுக்கு உதாரணமாக இருந்ததோடு நிற்கவில்லை. பல இடங்களில் கோட்பாட்டை மறுத்துப் பேசியும் இருக்கிறது.

தற்கொலையையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அதே ஆண்டில் மிகக் கொடிய வகைப் பூச்சிகொல்லிகளும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் வீதம் பாதியாகியது. சனங்களின் துயரம் பாதியாகிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த போத்தல் அகன்றது, அவ்வளவுதான். அப்படியானால் போர்க்கால யாழ்ப்பாணத்தையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். உரமும் பெற்றோலும் பற்றரியும் பொருளாதாரத் தடையில் சிக்கியிருந்த குடாநாட்டில், தோட்டக்காரரின் மருந்துப் போத்தல் எவ்வளவு தாராளமாகக் கிடைத்தது? சமூகப் பிணைப்பு எவ்வளவு, போத்தல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் டுர்கைம் வென்றார் என்று எழுதிவிட முடியாது.

அடுத்த கேள்வி இதைவிடக் கடினமானது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜக் டக்ளஸ் 1967இல் டுர்கைமின் அடித்தளத்தையே அசைத்தார். ஒரு சாவு தற்கொலை என்று தானாக வந்து பதிவேட்டில் அமர்வதில்லை. மரண விசாரணை அதிகாரி, பொலிஸ், வைத்தியர், குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்துதான் அதைத் தற்கொலை என்றோ விபத்து என்றோ தீர்மானிக்கிறார்கள். தன் சாவை விளைவிக்கும் என்று தெரிந்தே ஒருவர் செய்யும் செயலால் நேரும் சாவு தற்கொலை என்பது டுர்கைமின் வரையறை. இதன்படி, பிடிபடும் தறுவாயில் கழுத்திலிருந்த சயனைட் குப்பியைக் கடித்த இளைஞரும் யுவதியும் எந்தக் கணக்கில் வருவார்கள்? போர்க்களத்தில் நிகழும் தற்கொலைகள் பதிவுக்குத் தப்பியிருக்கலாம் என்ற ஐயத்தை டுர்கைமே எழுப்பினார். பெண்களின் தற்கொலையும் குறைந்ததே என்று சுட்டிக்காட்டி அந்த ஐயத்தைத் தாண்டினார். அவருடைய ஐரோப்பாவில் பெண்கள் களத்துக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்த வாதம் இங்கே செல்லுபடியாகாமல் போகும் இடம் இதுதான். டுர்கைமைப் படித்தவருக்கே அந்த இடம் கண்ணில் படும்.

சாதியைப் பற்றிய விவாதம் இதைவிடப் பெரிது. 1950களில் மைக்கல் பாங்க்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் மானிடவியலாளர் இங்கே வந்து களப்பணி செய்தார். எட்மண்ட் லீச் தொகுத்து 1960இல் வெளிவந்த நூலில் யாழ்ப்பாணச் சாதி பற்றிய அவருடைய கட்டுரை இருக்கிறது. வெள்ளாளர் என்ற பெரிய பெயருக்குள் 'சொந்தக்காரர்' என்ற சிறு வட்டங்கள் இருப்பதையும், பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்த வட்டங்களுக்குள்ளேயே நடப்பதையும் அவர் கண்டார். கலியாணப் பேச்சில் 'அவை என்ன ஆக்கள்?' என்று இன்றும் தாழ்ந்த குரலில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி எந்த அளவில் இயங்குகிறது என்பதை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்களில் அவர் ஒருவர்.

1966இல் லூயி துமோன் சாதி பற்றிய தம் பெரும் நூலை எழுதினார். சாதியின் சாரம் தூய்மை, தீட்டு என்ற எதிர்நிலை. அந்த அளவுகோலின் உச்சியில் பிராமணர். அரசியல் அதிகாரமும் செல்வமும் அதற்குக் கீழ்ப்பட்டவை என்றார். இந்த அளவுகோலை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துவதில்லை. இங்கே பிராமணர் எண்ணிக்கையில் மிகச் சிலர், நிலமும் பெரிதாக இல்லாதவர்கள்; பல கோயில்களில் வெள்ளாளத் தர்மகர்த்தாவிடம் சம்பளத்துக்குப் பூசை செய்பவர்கள். சனத்தொகையில் ஏறத்தாழப் பாதியாக இருந்த வெள்ளாளரே நிலத்தையும் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் கையில் வைத்திருந்தார்கள். எம். என். சீனிவாஸ் சொன்ன 'ஆதிக்க சாதி' என்ற கருத்து இதற்குக் கூடுதலாகப் பொருந்துகிறது என்றாலும் அதுவும் முழுவதும் போதாது. பிரயன் பாஃபன்பேர்கர் 1982இல் வெளியிட்ட நூல் அந்தக் குறையைத்தான் எடுத்துக்கொண்டது. வெள்ளாள மேலாண்மை நிலத்தில் மட்டும் நிற்கவில்லை, அதற்குச் சமய அடித்தளமும் உண்டு, சூத்திரர் என்ற வகைக்குள் அடங்கும் ஒரு சாதி அந்தணரின் இடத்தை நாடாமலே ஆளும் முறை இது என்று அவர் வாதிட்டார்.

எனக்கு மிகவும் பயன்பட்டவர் கென்னத் டேவிட். 1970களில் அவர் வட யாழ்ப்பாணத்துச் சாதிகளைக் கட்டுண்டவை, கட்டுறாதவை என்று பிரித்துப் பார்த்தார். தோட்டமும் வயலும் உள்ள ஊரில் வண்ணாரும் அம்பட்டரும் குடிமக்களாக, கோவியரும் நளவரும் பள்ளரும் அடிமைத் தொழிலுக்குரியவர்களாக, தலைமுறைதோறும் ஒரு குடும்பத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். கரையோரத்து மீனவருக்கும் நகரத்துக் கைவினைஞருக்கும் வியாபாரிக்கும் அந்தக் கட்டு இருக்கவில்லை. அவர்களுடைய உறவு காசும் பேரமுமாக நடந்தது. மயிலிட்டிக் கரையிலோ பருத்தித்துறையிலோ நின்று பார்ப்பவருக்கு 'யாழ்ப்பாணச் சமூகம்' என்பது சுன்னாகத்துத் தோட்டக்காரருக்குத் தெரிவதைப் போலத் தெரியாது. அமைப்பு ஒன்று என்று எழுதும்போதே, அது யாருக்கு ஒன்று என்று கேட்கும் பழக்கத்தை அவருடைய ஆய்வு எனக்குத் தந்தது.

ஆனால் இவர்கள் எல்லாரும் சாதியை ஓர் ஒழுங்காகவே பார்த்தார்கள். தேநீர்க் கடையில் தனிப் பேணியில் குடித்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்தவருக்கு அது ஒழுங்கு அல்ல, பலவந்தம். 1929, 1930 அளவில் பள்ளிக்கூடங்களில் சமஆசனம் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர்வதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் கடைகளும் கோயில்களும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும்தான் அவற்றைத் திறக்கவைத்தன. அந்தப் போராட்ட அனுபவத்தை உள்ளிருந்து எழுதியவர் கே. டானியல். 1972இல் வெளிவந்த அவருடைய 'பஞ்சமர்' நாவலைச் சமூகவியல் வகுப்பில் துமோனுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமைப்பு என்றும் மோதல் என்றும் பாடப்புத்தகம் பிரித்துச் சொல்லும் இரண்டு நோக்குகளின் வேறுபாடு அப்போது வரைவிலக்கணமாக இராது. இரண்டு வேறு இடங்களில் நிற்கும் மனிதர்கள் கண்டதாக இருக்கும்.

மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு எதிராக முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர். கல்வி பரவினால் சாதி கரையும் என்ற நவீனமயமாக்கக் கோட்பாட்டின் நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டியதில்லை. அமெரிக்க மிஷன் 1816இல் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கிய நிலம் இது. ஒன்றரை நூற்றாண்டுக் கல்வி என்ன செய்தது? மக்ஸ் வெபர் வர்க்கத்தையும் அந்தஸ்தையும் இரண்டாகப் பிரித்தது இங்கே கைகொடுக்கிறது. கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கும் மலாயா ரயில்வேக்கும் ஆள் அனுப்பியது. மணியோடர்க் காசு வந்தது. அந்தக் காசு காணியாகவும் கோயில் திருப்பணியாகவும் சீதனமாகவும் மாறி, பழைய அந்தஸ்தையே புதுப்பித்தது. 'கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்தில மேய்' என்று சொன்ன சனங்கள் சம்பளத்தை மட்டும் நினைத்து அப்படிச் சொல்லவில்லை.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 'யாழ்ப்பாணச் சமூகத்தை விளங்கிக் கொள்ளல்' என்று எழுதப் புகுந்தபோது பிடித்துக்கொண்ட இழை இதுதான். மார்க்சியராக இருந்தும் நிலவுடைமையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆறுமுக நாவலர் கட்டமைத்த சைவம், கந்தபுராணப் படிப்பு, ஆங்கிலக் கல்வி ஆகியவை எப்படி ஒரு கருத்துநிலையாகத் திரண்டு, ஒரு சாதியின் வாழ்முறையை முழுச் சமூகத்தின் பண்பாடாகக் காட்டின என்று கேட்டார். கிராம்சியைப் படித்தவர்கள் அந்தக் கேள்வியை உடனே அடையாளம் காண்பார்கள். சிவத்தம்பி அதைக் கரவெட்டியிலிருந்து கேட்டார் என்பதில்தான் அதன் பெறுமதி.

புத்தகங்களை விட்டு ஒரு காணி உறுதியை எடுத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் காணித் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. உறுதியில் அந்தப் பெயர், எத்தனை பரப்பு, நாலு பக்கமும் யாருடைய காணி எல்லை, அதற்குள் நிற்கும் பனை, மா, பலா, வீடு, கிணற்றில் எத்தனை பங்கு, வழிவாய்க்கால் பாத்தியதை எல்லாம் வரிசையாக வரும். ஆறு இல்லாத, சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் இந்த மண்ணில் கிணற்றுப் பங்கு என்பது சீவனம். அதனால்தான் தண்ணீரையும் பின்னங்களாகப் பிரித்து எழுதுகிறார்கள். காணி எப்படி வந்தது என்பதும் அதில் இருக்கும்: முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா?

இந்த மூன்று வகையும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் எழுதப்பட்டவை. ஒல்லாந்தரின் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்தார், பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள், 1707இல் சட்டமாயிற்று. யாருடைய வழக்கம் என்று கேட்க வேண்டிய இடம் இது. சரிபார்த்த பன்னிரண்டு பேரும் ஊர்ப் பெரியவர்களான ஆண்கள். அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய பகுதி இருக்கிறது. கோவியரும் பள்ளரும் நளவரும் அங்கே சொத்துப் பட்டியலில் வருகிறார்கள். அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. பனை ஏறியவரின் பெயரோ, அந்தக் காணியின் மூலையில் குடியிருக்க விடப்பட்ட குடும்பத்தின் பெயரோ அதற்குப் பிறகும் உறுதியில் ஏறவில்லை. வழக்கத்தை எழுதி வைப்பதும் ஒருவகை ஆட்சி என்று மிஷேல் ஃபூக்கோவுக்குப் பிறகு வந்தவர்கள் சொல்வது யாழ்ப்பாணத்து நொத்தாரிசு கந்தோரில் தாளும் மையுமாக இருக்கிறது.

சீதனத்தைப் பற்றி உலக அளவில் பேசப்பட்ட ஆய்வொன்றை எழுதியவரும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவர்தான். ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா 1973இல், தென்னாசியாவில் சீதனம் என்பது பெண்ணுக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் முதுசப் பங்கு, பெண்ணின் சொத்து என்று வாதிட்டார். யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் அது உண்மைபோலவே தோன்றும். வீடும் வளவும் பெண் பெயரில் எழுதப்படுகின்றன. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறார். ஆனால் பக்கத்திலேயே 'டொனேசன்' இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகும் அந்தக் காசு பல வீடுகளில் மாப்பிள்ளையின் தங்கச்சிக்குச் சீதனமாகிறது. தம்பையாவும் 1989இல் தம் வாதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்துத் திருத்தினார். பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட நூலில் இன்னும் கூர்மையான வேறுபாட்டை வைத்தார்: சொத்து பெண்ணின் பெயரில் இருப்பது ஒன்று, அதை ஆளும் உரிமை அவளிடம் இருப்பது வேறொன்று. அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் யாழ்ப்பாணத் தமிழரும் உண்டு. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும்.

போருக்குப் பிறகு இந்தச் சட்டப் பிரிவு எத்தனை வீடுகளுக்குள் வந்து நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். இறந்தார் என்று பத்திரம் எடுக்க மனம் ஒப்பவில்லை, எடுத்தால் தேடலை முடித்துவிட்டதாகிவிடும். உயிரோடு இருக்கிறார் என்றால் கையெழுத்து எங்கே? சீதனக் காணியை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்க நினைக்கும் தாய் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்ச் சம்மதம் வாங்க வேண்டும். சட்டம், உறவுமுறை, அரசு, போர் நான்கும் ஒரு பெண்ணின் ஒரு கையெழுத்தில் வந்து முட்டுகின்றன. பெண்ணியக் கோட்பாட்டை எங்கிருந்து படிப்பிக்கத் தொடங்கலாம் என்று கேட்டால் நான் இந்த இடத்தைச் சொல்வேன்.

உறுதியே இல்லாதவர்களுக்கு நடந்தது வேறு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் மல்லாகம், சுன்னாகம், கோணப்புலம் பக்கத்து நலன்புரி முகாம்களுக்கு வந்தார்கள். காணி, வெளிநாட்டுக் காசு, வேறு ஊரில் உறவினர் வீடு என்று ஏதாவது ஒன்று இருந்தவர்கள் மெல்ல வெளியேறினார்கள். காலிங்க டியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் தொகுத்து 2009இல் வெளிவந்த ஆய்வு, நெடுங்காலம் முகாமில் தங்கிவிட்டவர்களில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று காட்டியது. விடுதலைப் புலிகள் இயக்கம் சாதியைத் தடை செய்திருந்தது. பொது வெளியில் சாதிப் பெயர் சொல்வது அடங்கியிருந்தது. முகாமின் ஓலைக் கொட்டில்களில் அது பெயரின்றியே தொடர்ந்தது. போர்தியூ பேசும் மூலதனங்கள், அதாவது பணம், படிப்பு, உறவு என்பவை, இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அந்தக் கொட்டில் வரிசைகள் காட்டின.

கடைசியாக, யாழ்ப்பாணச் சமூகம் பற்றிய ஏறத்தாழ எல்லா எழுத்தும் விட்டுவிட்ட ஒன்று. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் 75,000 பேர் வரை. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழர்கள் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் மழையில் நடந்தார்கள். தமிழர் கூட்டங்களில் இரண்டாவது நாளையே கேட்கலாம். முதலாவது, வெளியேற்றப்பட்டவர்கள் தஞ்சமடைந்த புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளின் நினைவில் இருக்கிறது. நினைவு தனி மனிதரின் மூளைக்குள் கிடப்பதில்லை, குழுவே எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதற்குச் சட்டகம் கொடுக்கிறது என்று டுர்கைமின் வழிவந்த மொரிஸ் ஹல்ப்வாக்ஸ் சொன்னார். ஒரே திகதி, ஒரே குடாநாடு, இரண்டு சட்டகங்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லா இந்த வெளியேற்றத்தைத் தம் ஆய்வு வாழ்வின் மையமாக வைத்து உழைத்தார். தமிழில் எழுதும் சமூகவியலாளர்கள் அந்த அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு முதலிமார் யாழ்ப்பாணத்தின் வழக்கம் இது என்று ஒப்பமிட்டபோது யார் வெளியே நின்றார்கள் என்று கேட்கிறோம். 'யாழ்ப்பாணச் சமூகம்' என்று நாங்கள் எழுதும்போதும் அதே கேள்வி எங்களிடம் திரும்ப வேண்டும். செய்ய வேண்டிய வேலை தெளிவாகவே இருக்கிறது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவின் காணி உறுதிகளை எடுத்து, 1990க்கு முன் எந்தக் காணி யார் பெயரில் இருந்தது, பின்னர் எந்த விலைக்கு எவர் கைக்குப் போனது, திரும்பி வந்த குடும்பங்கள் எவை, வராதவர்கள் ஏன் வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவரும் புத்தளத்தில் பிறந்த முஸ்லிம் மாணவரும் சேர்ந்து கேட்டால்தான் இரண்டு பக்கத்து வாசலும் திறக்கும். அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களோடு வெளியேறிய பெற்றோரில் பலர் இப்போது இல்லை.